மாரிட்ஸ்பர்க்கில் கட்டிய மூன்று வாரியல்கள்

போன அக்டோபரில் வாசல் ஜகரண்டா பூத்தபோது இந்த வேலை தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அந்த மாதம் காலையில் கதவைத் திறந்தால் சிமென்ட் தரையே தெரியாது, எல்லாம் ஊதா. பார்க்கக் கண் நிறையும். ஆனால் இரவில் தூறல் விழுந்திருந்தால் பூ தரையோடு ஒட்டிக்கொள்ளும், மிதித்தால் சோப்பு மாதிரி வழுக்கும். அத்தைக்கு 82 வயது. விடிந்ததும் துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்ற அவங்கதான் முதலில் வெளியே போவாங்க. அதனால் வாசலைப் பெருக்கி முடிக்கும்வரை எனக்கு நிம்மதி கிடையாது.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துடைப்பம் ஒரே மாதத்தில் ஒரு பக்கமாக மடங்கிப் படுத்துவிட்டது. அது பூவை அள்ளவில்லை, நசுக்கித் தேய்த்தது. பூ போன பிறகும் கறை தங்கியது. விறைப்பான நுனி இருந்தால்தான் ஈரப் பூவின் விளிம்பைக் கிளப்பித் தள்ள முடியும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஈர்க்கு வாரியல் அதைத்தான் செய்யும். இங்கே அது கிடைக்காது. இந்த ஊரின் குளிர்காலத்துக்குத் தென்னை தேறாது, ஊரிலிருந்து கொண்டுவரலாம் என்றால் செடிப்பொருளை அனுமதி இல்லாமல் எடுத்துவரக் கூடாது. சரி, இங்கே என்ன முளைக்கிறதோ அதில் கட்டிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் கண்ணில் பட்டது மஞ்சள் பூச்செடி. நார்த்டேலில் எங்கள் தெருமுனைக் காலிமனையில் ஆள் உயரத்துக்குப் புதராக நிற்கிறது. இலை இருக்கிறதா என்று தேட வேண்டும், எல்லாம் பச்சைக் குச்சிதான். கோரைத்தண்டு போல உருண்டு, வழவழவென்று நீண்ட குச்சி, நுனியில் கொத்துக்கொத்தாய் மஞ்சள் பூ. வாசனை தேன் போல இருக்கும். வீட்டுக்காரர்தான் பெயர் சொன்னார்: ஸ்பானிஷ் ப்ரூம். ஸ்பார்டியம் ஜன்சியம் என்பது அறிவியல் பெயர். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. இந்த நாட்டில் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருப்பது, அதனால் வெட்டினால் நல்லதே தவிர யாருக்கும் நஷ்டமில்லை. மனையைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். வேரோடு எடுத்தாலும் சந்தோஷம் என்றார்.

ப்ரூம் என்றால் துடைப்பம்தானே, செடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அன்று இரவு தேடிப் படித்தேன். நான் நினைத்ததற்கு நேர் மாறாக இருந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் செடியின் பெயர். ஐரோப்பாவில் இதன் உறவான சைடிசஸ் ஸ்கோபாரியஸ் என்ற புதரின் குச்சிகளைக் கட்டி வீடு பெருக்கினார்கள், அப்படியே செடியின் பெயர் கருவிக்கும் வந்துவிட்டது. நம் சொற்கள் வேறு வழியில் வந்தவை. துடைப்பது துடைப்பம், வாருவது வாரியல், பெருக்குவது பெருக்குமாறு, விளக்குவது விளக்குமாறு. எல்லாம் வேலையிலிருந்து பிறந்த பெயர்கள். அந்த ‘மாறு’வில் மட்டும் குச்சி ஒளிந்திருக்கிறது. பருத்திமார், துவரைமார் என்று கிராமத்தில் இன்றும் சொல்கிறோமே, காய்ந்த செடிக் குச்சிகள், அதே மாறுதான்.

துவரைமார் என்றதும்தான் எனக்குத் தைரியம் வந்தது. எங்கள் தாத்தா களத்தைத் துவரைமார்க் கட்டைக் கொண்டுதான் பெருக்குவார். அந்த மஞ்சள் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அச்சு அசல் துவரம்பூ. மேலே ஒரு பெரிய இதழ் கொடி மாதிரி நிமிர்ந்து நிற்க, பக்கத்தில் இரண்டு, கீழே படகு போல இரண்டு இதழ் சேர்ந்திருக்கும். படகின் மேல் விரலால் லேசாக அழுத்தினேன். சட்டென்று திறந்து மகரந்தத்தை விரலில் அடித்தது. தேனீ உட்கார்ந்தால் அதன் வயிற்றில் அடிக்கும். இரண்டும் ஒரே குடும்பம், அவரைக் குடும்பம்.

வெட்டுவதற்குப் பூக்கும் சமயம்தான் சரி. காய் முற்றவிட்டு வெட்டினால், வெயிலில் நெற்று முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர எறியும். அந்தக் கட்டைத் தூக்கிவந்து நம் வாசலில் காயவைத்தால் நாமே தோட்டம் முழுக்க விதைத்த மாதிரி ஆகிவிடும். நான் வெட்டிய எல்லாக் குச்சியிலும் பூவை அங்கேயே உருவிப் போட்டுவிட்டு, அடிப்பிஞ்சு ஒன்றுகூட இல்லை என்று பார்த்துத்தான் கொண்டுவந்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இந்தச் செடியில் சைட்டிசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. குழந்தைகள் குச்சியைக் கடிக்க விடக் கூடாது, வேலை முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

அன்றைக்கே கட்டினேன், தவறு அங்கேதான். குச்சி வளைந்து கொடுக்கிறது, வேலை சுலபம் என்ற ஆசையில் பச்சையாகவே கட்டிவிட்டேன். கட்டின் சுற்றளவு 24 செ.மீ. இருந்தது. இரண்டு இடத்தில் சணல் கயிறு, ஒவ்வொன்றும் இறுக்கமான முடிச்சு. முதல் மூன்று நாள் ராஜா மாதிரி வேலை செய்தது. ஜகரண்டாப் பூவைக் கறை இல்லாமல் ஒதுக்கியது, எனக்கு அத்தனை மகிழ்ச்சி. ஒன்பதாம் நாள் தூக்கினால் கையில் அடிக்கட்டு மட்டும் நிற்கிறது, குச்சிகள் நழுவித் தரையில் விழுகின்றன. அளந்தால் சுற்றளவு 20 செ.மீ. தண்ணீர் வற்றக் குச்சி சுருங்கிவிட்டது, கயிறு சுருங்கவில்லை.

அத்தை திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாங்க.

“இன்னாமா, பச்சையா கட்டிட்டியா?”

“ஆமா அத்தை. வளையுதேன்னு கட்டிட்டேன்.”

“தொடப்பம்னா காயவச்சுக் கட்டணும் பொண்ணே. எங்க ஆயா மாட்டுக் கொட்டா மேல போட்டு ஒரு மாசம் தொடமாட்டா.”

அத்தையின் ஆயா கரும்புத் தோட்டத்துப் பாரக்கில், அதாவது கூலி ஆட்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். வடஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம். 1860 நவம்பர் 16-ம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் வந்து சேர்ந்த பிறகு, அடுத்தடுத்த பத்தாண்டுகளில் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவர்களும் அடக்கம். நான் வாரியல் என்பதை அத்தை தொடப்பம் என்பாங்க. நான்கு தலைமுறைக்கு அப்புறமும் அந்தச் சொல் அங்கிருந்து வந்த மாதிரியே இருக்கிறது.

நழுவிய குச்சிகளைப் பொறுக்கி, கராஜில் கிடந்த சைக்கிள் டியூபைக் கத்தரியால் விரல் அகலத்தில் ஒரே நீள நாடாவாக வெட்டினேன். அதை நன்றாக இழுத்துப் பிடித்துச் சுற்றினால், குச்சி இன்னும் கொஞ்சம் சுருங்கினாலும் ரப்பரும் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த வாரியல் ஜனவரி வரை உழைத்தது. அதன் பிறகு நுனி முறிய ஆரம்பித்தது. காய்ந்த இலைக்கு நல்லது, பொடி மண்ணுக்கு ஆகாது, கோடு கோடாக விட்டுவிடும். இதுதான் மஞ்சள் பூச்செடியைப் பற்றி நான் கண்டது.

இரண்டாவது வாரியலுக்கு வழி சொன்னதும் அத்தைதான். “இங்க ஈச்ச மரம் இருக்கே, அதுல கட்டுவாங்க” என்றாங்க. கரும்புத் தோட்டத்து ஆட்கள் ஈச்சை என்று சொன்னது இங்குள்ள காட்டு ஈச்சையை. இந்தப் பக்கத்து மக்களின் மொழியான ஜூலுவில் இசுண்டு, அறிவியல் பெயர் ஃபீனிக்ஸ் ரெக்லினாட்டா. நம் ஊர் ஈச்சைக்குச் சொந்தக்கார மரம்தான், அடியிலிருந்து பல தண்டாகக் கிளைத்து வளைந்து நிற்கும். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒரு தூறு இருக்கிறது. மட்டையின் அடியில் ஓலைக்குப் பதிலாக முள்தான் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் கோணி ஊசி. தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நான் போட்டிருந்தும் மணிக்கட்டில் ஒன்று ஏறி இரண்டு நாள் வீங்கியது.

தென்னையில் செய்வது போல இதில் ஈர்க்கு கிழிக்க முடியாது. தென்னங்கீற்றில் நடு ஈர்க்கு தனியாகத் திரண்டு நிற்கும், கத்தியை வைத்து இழுத்தால் கழன்று வரும். ஈச்ச ஓலை நீளவாக்கில் ஆங்கில ‘V’ போல மடிந்த தகடு, உருவி எடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. அதனால் ஓலையையே நார் நாராகக் கிழித்துத்தான் ஈச்சமாறு கட்டுவார்கள். அதற்கு ஆணிச்சீப்பு வேண்டும். ஒரு சாண் பலகையில் இரண்டு அங்குல ஆணி ஒன்பது, ஒன்றுக்கொன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளி அடித்தேன். முதல் பலகை பிளந்துபோனது. நெருக்கமாக ஆணி அடிக்கும்போது முதலில் மெல்லிய துரப்பணத்தால் துளை போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறு மட்டையை நிழலில் நான்கு வாரம் காயவைத்தேன். வெயிலில் போட்டால் ஓலை வெளுத்து நொறுங்கும், நிழலில் என்றால் பச்சை மங்கிச் சாம்பல் பழுப்பாகி விறைப்பு நிற்கும். வளைத்தால் முறியாமல் ‘சர்’ரென்ற சத்தம் வர வேண்டும், அதுதான் பதம். பிறகு ஓலைகளை மட்டையிலிருந்து கிள்ளி எடுத்து, பத்துப் பத்தாகச் சேர்த்துப் பிடித்து, அடியில் நான்கு விரற்கடை விட்டுவிட்டு மீதியைச் சீப்பில் இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் ஓலை இரண்டாய், நாலாய்ப் பிளந்து கடைசியில் குதிரை வால் மாதிரி தொங்கும். தூசி நிறையப் பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது.

கட்டுவதை மட்டும் விரிவாக எழுதுகிறேன், என் அனுபவத்தில் வாரியலின் ஆயுசே அதில்தான் இருக்கிறது. பிடிகளை எல்லாம் ஒன்றுசேர்த்து அடியைச் சிமென்ட் தரையில் தட்டித் தட்டி மட்டமாக்கினேன். இரண்டு கைப் பெருவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ளும் அளவுக்குக் கட்டு இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் கை வலிக்கும். நைலான் கயிற்றின் ஒரு முனையைக் காது போல மடித்துக் கட்டின் மேல் நீளவாக்கில் வைக்க வேண்டும். காதின் வளைவு ஓலை நுனிப் பக்கம், வெறும் முனை அடிப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கயிற்றின் மறுமுனையைத் திண்ணைத் தூணில் கட்டிவிட்டேன். இனி கயிற்றை நாம் இழுக்க வேண்டியதில்லை, கட்டைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்து, கட்டை உருட்டிக்கொண்டே தூணை நோக்கி நடந்தால் கயிறு தானாகச் சுற்றும். உடம்பின் கனம் முழுக்கக் கயிற்றில் இறங்குவதால் கையால் வராத இறுக்கம் வரும். அடியிலிருந்து நுனிப்பக்கமாக, சுற்றோடு சுற்று உரசும்படி 14 சுற்று. பிறகு தூணிலிருந்து அவிழ்த்த முனையைக் காதுக்குள் நுழைத்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைக் குறட்டால் பிடித்து இழுத்தேன். காது சுற்றுகளுக்கு அடியில் புகுந்தது. பாதித் தூரம் போனதும் நிறுத்தி, இரண்டு முனையையும் ஒட்ட வெட்டினேன். முடிச்சே வெளியில் தெரியாது, கையிலும் உறுத்தாது.

கடைசியில் ஆப்பு. பழைய பிளாஸ்டிக் துடைப்பத்தின் மரக்காம்பு நன்றாகத்தான் இருந்தது. அதன் நுனியைப் பென்சில் போலச் சீவி, கட்டின் அடியில் நட்டநடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். காம்பு உள்ளே போகப் போக ஓலைகள் வெளிப்பக்கம் நெரிந்து கயிற்றோடு அழுந்தும், கயிறு ‘கிரீச்’ என்று முனகும். ஒரு சாண் இறங்கியதும் நிறுத்தினேன். ஓலை மேலும் காய்ந்து தளர்ந்தால் மறுபடி அடித்து இறக்க இடம் இருக்க வேண்டும், முழுதும் இறக்கிவிடக் கூடாது. அத்தை வாங்கி உதறிப் பார்த்தாங்க. ஓலை ஒன்றும் உதிரவில்லை. “ஆயா கட்டினதுக்குக் கிட்டக்க வந்திருக்கு” என்றாங்க. அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, அடுக்களைக்கு. டைல்ஸ் தரைக்கு ஈச்சமாறு முரடு, மாவும் முடியும் அதற்கு அகப்படாது. நகரத்து டாக்ஸி ஸ்டாண்டு ஓரத்தில் ஜூலுப் பாட்டிகள் புல் துடைப்பம் விற்பார்கள். பாய், கூடை, நடுவில் கட்டுக்கட்டாகத் துடைப்பம். ஒரு வருஷத்துக்கு முன் வாங்கிய ஒன்று கழுத்துக் கட்டு அவிழ்ந்து கிடந்தது. மே மாதம் அதை எடுத்துக்கொண்டே போனேன். புதிதாக வாங்க அல்ல, எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்க. அங்கே வழக்கமாக உட்காரும் கோகோ ஒருவர், பாட்டியை அவர்கள் மொழியில் அப்படித்தான் கூப்பிடுவோம், அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். என் அரைகுறை ஜூலுவும் அவருடைய கொஞ்சம் ஆங்கிலமும் போதுமாக இருந்தது.

புல்லை அவர் ஒரே கட்டாகக் கட்டுவதில்லை. பெருவிரல் பருமனில் சின்னச் சின்னப் பிடிகளாக முதலில் தனித்தனியே கட்டுகிறார். பிறகு அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னலில் புது முடிக்கற்றை சேர்ப்பது போல ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிடியைச் சேர்த்துக்கொண்டே போகிறார். அதனால் ஒரு புல் நழுவினாலும் அதன் பிடி மட்டும்தான் தளரும், முழுத் துடைப்பமும் கலையாது. நான் ஒரே கட்டாகக் கட்டி ஏமாந்ததற்கு இது சரியான மருந்து. நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டவும் விடவில்லை. வெட்டின நுனி தூசியை ஒதுக்கும், இயற்கை நுனி தூசியைப் பிடிக்கும் என்றார். வீட்டில் வந்து பார்த்தேன், உண்மைதான்.

அவர் பக்கத்தில் இன்னொரு வகைக் கட்டு இருந்தது. புல் இல்லை, மெல்லிய குச்சி. குச்சி மேல் பஞ்சு போல வெள்ளைப் பூச்சு, ஒட்டிக்கொண்டிருந்த சில இலைகளுக்கு மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளை. இரண்டு மூன்று குச்சியில் இளஞ்சிவப்பில் ஊதா கலந்த சின்னச் செவ்வந்தி மாதிரிப் பூ, நடுவில் மஞ்சள் பொட்டு. கசக்கினால் வாசனை. இதன் பெயர் என்ன என்று கேட்டேன்.

“உம்ட்ஷனேலோ.”

துடைப்பத்தின் பெயரைச் சொல்கிறார் என்று நினைத்து, இல்லை கோகோ, செடியின் பெயர் என்றேன். அவர் முதலில் குச்சியைத் தொட்டு உம்ட்ஷனேலோ என்றார், பிறகு கட்டைத் தொட்டு அதையே சொன்னார். இரண்டுக்கும் ஒரே பெயர். பெருக்குவதற்கு ஜூலுவில் ஷனேலா. அதிலிருந்து துடைப்பத்துக்குப் பெயர், துடைப்பத்திலிருந்து செடிக்குப் பெயர். ஆங்கிலத்தில் செடி கருவிக்குப் பெயர் கொடுத்தது, இங்கே கருவி செடிக்குக் கொடுத்திருக்கிறது. டாக்ஸி ஹாரன்களுக்கு நடுவே அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதமாகக் காலிமனையிலும் பக்கத்து வீட்டிலும் நான் தேடிய பூக்கும் துடைப்பச் செடி, இந்த மண்ணிலேயே சொந்தமாக இருந்திருக்கிறது.

அத்ரிக்ஸியா ஃபிலிகாய்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சூரியகாந்திக் குடும்பம். புல்வெளிகளிலும் காட்டு ஓரங்களிலும் இடுப்பளவு வளரும் புதர். ஜூலுத் தேநீர் என்றும் புஷ்மேன் தேநீர் என்றும் சொல்வதும் இதைத்தான், இலையோடு குச்சியைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். காஃபின் கிடையாது. கோகோ ஒரு பிடியைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். அத்தை அதில் இஞ்சி தட்டிப் போட்டுப் பாலும் சேர்த்தாங்க. எனக்குப் பால் இல்லாமல் குடித்ததுதான் பிடித்தது, லேசான துவர்ப்பு, பின்னால் ஒரு இனிப்பு.

இந்தச் செடியை நானே போய் வெட்டவில்லை. அவர்கள் எங்கே, எப்போது, எவ்வளவு என்று தெரிந்து வெட்டுகிறார்கள். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அரிவாளால் அறுப்போம், பிடுங்கினால் அடுத்த வருஷம் நாம் என்ன விற்பது என்று கோகோ கேட்டார். அவரிடமே கட்டாத குச்சி ஒரு கட்டு 60 ரேண்டுக்கு வாங்கிவந்து, இரண்டு வாரம் கூரைக்கு அடியில் தொங்கவிட்டேன். இலையை உருவித் தேநீருக்குத் தனியே வைத்துவிட்டு, அவர் காட்டியபடி பதினொரு பிடியாகக் கட்டிச் சேர்த்தேன். மேலே சைக்கிள் டியூப் நாடா. காம்பு போடவில்லை, இது குனிந்து பெருக்குவது. முதல் இரண்டு நாள் பூவின் பஞ்சு உதிர்ந்துகொண்டே இருந்தது. வெளியே கொண்டுபோய்க் கல்லில் நாலு அடி அடித்து, தண்ணீரில் நனைத்து, நுனி கீழே தொங்கும்படி காயவைத்ததும் நின்றுவிட்டது. பழைய புல் துடைப்பத்தையும் பிரித்து அதே முறையில் திரும்பக் கட்டினேன். அது இப்போது பூஜையறைக்கு.

வைக்கும் விதமும் முக்கியம். மூன்றையும் ஆணியில் நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுகிறேன், தரையில் தொடாமல். தரையில் ஊன்றி வைத்தால் ஒரே வாரத்தில் நுனி ஒரு பக்கம் வளைந்துவிடும். விளக்கு வைத்த பிறகு அத்தை எதையும் தொட விடுவதில்லை, அதனால் அந்த நேரத்தில் அவற்றுக்கும் ஓய்வு கிடைக்கிறது.

இப்போது மறுபடி அக்டோபர். மஞ்சள் புதரை மனைக்காரர் வேரோடு எடுத்துவிட்டார், ஆனால் மழைக்கு அந்த இடத்தில் கீரை முளைத்த மாதிரி நாற்று வந்திருக்கிறது. வாரம் ஒருமுறை போய்ப் பிடுங்குகிறேன். ஈச்சமாறு நுனியில் இரண்டு விரற்கடை தேய்ந்திருக்கிறது, கட்டு அப்படியே இருக்கிறது. நேற்று இரவு தூறியது. காலையில் வாசல் முழுக்க ஊதாப் பூ. ஈச்சமாற்றை எடுக்கும்போது காம்பு லேசாக ஆடியது. தரையில் குத்தி நிறுத்திச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன், ஒரு விரற்கடை இறங்கியது. அத்தை துளசிக்குச் செம்பு எடுத்துவருவதற்குள் மாடம் வரைக்கும் வழி விட்டுவிட்டேன்.